எல்லாச் சாவியும் ஒரே கையில்

"இது வெறும் விளையாட்டு, மார்க் கிடையாது" என்றார் எங்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வளர்மதி மேடம். நான் நம்பவில்லை. அப்படியானால் ஆதார் நம்பர் போட்டு எதற்கு லாகின்? கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், சட்டையை இன் பண்ணிய அந்த ஆள் எதற்கு?

மந்தாரக்குப்பத்தில் ஒரு செருப்புக் கடையின் மாடியில் எங்கள் பயிற்சி மையம். நான் இசைப்பிரியா, எங்கள் வூட்டில் முதல் பட்டதாரி. பி.இ. முடித்துவிட்டு ஜெராக்ஸ் கடையில் அடுத்தவன் சான்றிதழை நகலெடுத்துக்கொண்டிருந்தேன். சுரங்கத்தில் நிலக்கரி கொண்டுபோகும் பெல்ட்டுக்கான மெயின்டனன்ஸ் பயிற்சி இது; இதிலிருந்து ஒரு கான்ட்ராக்ட் கம்பெனி ஆள் எடுக்கும் என்றார்கள். எனக்கு அந்த வேலை வேண்டும்.

கண்ணை மூடும் வி.ஆர். ஹெட்செட்டை மாட்டினால் டீமில் மூன்று பேரும் ஒரே கம்ப்யூட்டர் சுரங்கத்தில் நிற்போம். பெல்ட்டை நிறுத்தி, அதைத் தாங்கும் ரோலரை மாற்றணும். அதற்கு முன்னால் ஆளுக்கொரு பூட்டை ஸ்விட்சில் போட்டு, சாவியை அவரவர் வைத்துக்கொள்ளணும். ஒரு பூட்டு இருந்தாலும் பெல்ட் ஓடாது.

சேத்தியாத்தோப்பு கொளஞ்சிநாதன் பெல்ட்டுக்கு அடியில் படுத்தான். நான் ரோலர் எடுத்துக் கொடுத்தேன். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் பையன் அருள் ஸ்விட்ச் பக்கம்.

"ரெண்டு பேரும் சாவியைக் குடுங்க. மூணையும் நானே கழட்டிடறேன், டைம் மிச்சம்" என்றான் அருள்.

"எப்ப மேஸ்திரி ஆன?" என்றேன்.

"எங்க மாமா கேங்குல இப்படித்தான்."

தப்பை என் பேரில் பதிய வைத்து, வேலையை அவன் தட்டிக்கொண்டு போகப் பார்க்கிறான் என்று நினைத்தேன். கொடுக்கவில்லை. கொளஞ்சி கொடுத்துவிட்டான். வேலை முடிந்த பிறகு நடந்து போய் என் பூட்டை நானே கழற்றினேன். எங்கள் டீம் கடைசி.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்ற ஆள் உள்ளே வந்தார். கான்ட்ராக்ட் கம்பெனிக்காரராம். நாங்கள் ஆடியதை டிவியில் ஓட்டிக் காட்டினார். கொளஞ்சி இன்னும் அடியில் கிடக்கிறான். அருள் அதற்குள் ரெண்டு பூட்டைக் கழற்றிவிட்டான். தொங்கியது என் பூட்டு மட்டும்.

"பாத்தியாம்மா, உன்னாலதான் லேட். தம்பி எவ்வளவு ஸ்பீடு. எங்களுக்கு இந்த மாதிரி ஆளுங்கதான் வேணும். இன்னொரு தடவை ஆடுங்க."

உளவு பார்க்கிறார்கள் என்று நான் சந்தேகப்பட்டது சரி. ஆனால் தப்பு பண்ணுகிறவனைக் கழிக்கத்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். அவனைத்தான் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

இந்த முறை அடியில் நான். தலைக்கு மேலே பெல்ட். வெறும் படம் என்று தெரியும். இருந்தும் என் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அருள் கையை நீட்டினான். "குடு பிரியா. மூணு பேருக்கும் வேலை."

"குடுக்கமாட்டேன்."

"கொளஞ்சி, நீயாவது குடுடா."

"போடா. நான் கீழ படுத்துகினு இருக்கசொல்லவே என் பூட்ட எடுத்துட்டியே, டிவியில பாத்தேன். நானும் தரமாட்டேன்."

இந்த முறையும் எங்கள் டீம் கடைசி. ஹெட்செட்டைக் கழற்றியபோது கம்பெனிக்காரர் அடுத்த டீமிடம் பேசிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்க்காமலே, "நீங்க கெளம்பலாம்" என்றார்.

படியில் அருள் சொன்னான்: "எல்லாம் உன்னாலதான் போச்சு."

"ஆமா," என்றேன். "என்னாலதான்."