சவுரி அண்ணனின் லாகின்

எங்கள் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு வரும் மெயிலையெல்லாம் முதலில் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி சலித்தெடுக்கும். சந்தேகமானதை நிறுத்திவைத்துவிட்டு மற்றதை மட்டும் உள்ளே விடும். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கோலியனூர் சவுரிராயன் அண்ணன். மாரடைப்பில் போய்விட்டார். அவர் வேலை என் கைக்கு வந்தது. அவர் ஐடியை எடுத்துவிடலாமா என்று நான் கேட்டதற்கு மேனேஜர் திருமுருகன் சார், "முப்பதாம் நாள் பூசை முடியட்டும்மா. அதுக்குள்ள எடுத்தா நல்லாவா இருக்கும்?" என்றார். ஐடிக்குக்கூடவா துக்கம் காப்பார்கள்? எனக்கு எரிச்சல்தான் வந்தது.

பூசை ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. திங்கள் காலை எட்டரைக்கு பிரவுசரில் பெட்டியின் முகவரியை அடித்தேன். இந்தப் பக்கம் பாதுகாப்பானதல்ல என்று சிவப்பாக வந்தது. "அது சும்மா பயமுறுத்தும் மலரு, நீ பாட்டுக்குத் தாண்டிப் போய்க்கினே இரு" என்பார் அண்ணன். தாண்டினேன். யூசர் பட்டியலில் சவுரி என்ற பெயரைத் தேடி டெலீட் அடித்தேன். ஒரு வேலை ஒழிந்தது என்று முணுமுணுத்தேன்.

பத்து மணிக்கு டாக்டர் அறையிலிருந்து போன். என் சித்தி பொன்னிக்கு அன்று பதினொன்றுக்கு கர்ப்பப்பை எடுக்கும் ஆபரேஷன். முப்பத்திரண்டு வயது, இன்னும் பிள்ளை இல்லை. இரண்டாவது பரிசோதனையில் புற்று இல்லையென்று வந்தால் எடுக்கவே வேண்டாம். அந்த ரிப்போர்ட் வரவில்லை.

சென்னை லேபுக்கு அடித்தேன். "ஒன்பதுக்கே மெஷின் மெயில் அனுப்பிடுச்சு மேடம். போன்ல ரிசல்ட் சொல்லக் கூடாது" என்று வைத்துவிட்டான்.

நிறுத்திவைத்த மெயில்களின் பக்கத்தைத் திறந்தேன். நாலாயிரத்துச் சொச்சம் கிடந்தன. லேப் பெயரைப் போட்டுத் தேடினால் ஒன்றும் வரவில்லை. அந்த மெஷின் எந்த முகவரியிலிருந்து அனுப்பும் என்பது அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும்; பெட்டி நிறுத்திவைக்கும் லேப் மெயில்களை அவர்தான் தேடி விடுவிப்பார். அப்படியானால் இந்த முப்பது நாளும் ரிப்போர்ட்டுகள் எப்படி வந்தன?

யார் எப்போது நுழைந்தார்கள் என்ற பதிவைப் பார்த்தேன். தினமும் காலை ஒன்பது ஐந்துக்கு சவுரி நுழைந்தார், ரிப்போர்ட்டுகளை விடுவித்தார், வெளியேறினார். அடக்கம் பண்ணிய நாளிலும் அதே ஒன்பது ஐந்து. இன்று மட்டும், சவுரி என்று யாரும் இல்லை எனப் பெட்டி அவரைத் திருப்பி அனுப்பியிருந்தது, மூன்று முறை. நுழைந்தது அவருடைய பழைய கம்ப்யூட்டரிலிருந்து. அது என் மேசைக்குக் கீழே அட்டைப் பெட்டியில், ஒயர் சுற்றி வைத்தபடி இருக்கிறது.

மணி பத்து நாற்பது. சவுரி என்ற பெயரில் புது ஐடி போட்டேன். பாஸ்வேர்டு, சித்தி கல்யாணமாகிப் போன ஓமந்தூரும் அவள் கல்யாண வருஷமும்.

"அண்ணே, தெரியாம எடுத்துட்டேன். சித்திய எப்படியாவது பாருங்கண்ணே" என்று வாய்விட்டே சொல்லி சேவ் அடித்தேன்.

பதிவில் புது வரி வந்தது. சவுரி நுழைந்தார். ஒரு மெயிலை விடுவித்தார். வெளியேறினார்.

டாக்டர் அறைக்கு ஓடினேன். ரிப்போர்ட் வந்திருந்தது. புற்று இல்லை. தியேட்டர் வாசலிலிருந்து திருப்பிக் கொண்டுவந்த சித்தி, "ராவுலேர்ந்து ஒண்ணும் துன்னல, ரெண்டு இட்லி வாங்கியாடி" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

சாயங்காலம் மேனேஜர் கேட்டார். "சவுரி ஐடிய எடுத்துட்டியாம்மா?"

"இருந்துட்டுப் போகட்டுங்க சார்."

அந்தப் புது பாஸ்வேர்டை நான் எங்கும் எழுதிவைக்கவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. ரிப்போர்ட்டுகள் தினமும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஒன்பது ஐந்து ஆனால் மட்டும், மேசைக்குக் கீழே இருக்கும் அட்டைப் பெட்டியில் படாமல் கால்களை நாற்காலிமேல் மடக்கி வைத்துக்கொள்வேன்.