வாளுக்கு நீட்டிய அரை மீட்டர்

வாள் ஏந்திய இயந்திர வீரன் பக்கத்தில் போவதற்குள் துப்பாக்கிக்காரன் சுட்டுத் தள்ளிவிடுகிறான் என்று ஆட்டக்காரர்கள் புலம்பியபோது குவாபாரா அசைந்துகொடுக்கவில்லை. கமாட்டாவில் இருந்த அந்தச் சிறிய கேம் நிறுவனத்தில் ஆயுதங்களின் பலத்தை நிர்ணயிப்பவர் அவர்தான். மூன்று தலைமுறையாகக் கெண்டோ வாள்பயிற்சிக் கூடம் நடத்திய குடும்பம் அவருடையது. வாளுக்குச் சலுகை வேண்டாம், ஆடுகிறவனுக்குத்தான் கைத்திறன் வேண்டும் என்று அலுவலகக் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார்.

ஆனால் பத்து மோதலில் ஏழு முறை துப்பாக்கியே வென்றது. சொன்ன சொல்லை விழுங்க மனம் வரவில்லை. வாள்வீச்சு எட்டும் தூரத்தை ஒருநாள் ரகசியமாக அரை மீட்டர் கூட்டினார். திரையில் தெரிந்த வாள் பழைய நீளத்திலேயே இருந்தது. மாதந்தோறும் ஆட்டக்காரர்களுக்கு வெளியிடும் திருத்தப் பட்டியலில் அந்த ஒரு வரியை மட்டும் எழுதாமல் விட்டார். அடுத்த மாதமே வெற்றி சரிபாதியானது. வாளின் பெருமை நிலைத்துவிட்டதாக நிமிர்ந்து நடந்தார்.

வசந்தகாலப் போட்டியில் அவர் மகள் மினோரி துப்பாக்கி வீரனை இயக்கி ஆடி அரையிறுதிக்கு வந்தாள். எதிராளி வாளை வீசினான். அவளுடைய இயந்திரம் சரிந்தது.

"அது என்மேல படவே இல்ல," என்றாள் நடுவரிடம்.

"அப்பா செஞ்ச கேம்லயே பொண்ணுக்குத் தோக்கத் தெரியல," என்றான் கூட்டத்தில் ஒருவன். அரங்கு சிரித்தது.

குவாபாரா முன்வரிசையிலிருந்து எழுந்தார். "தோத்தா தலை வணங்கணும், மினோரி. நம்ம வீட்ல யாரும் சாக்கு சொன்னதில்ல."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு எதிராளிக்குத் தலை வணங்கினாள்.

புகார் வந்தால் காட்சியைத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது வழக்கம். நிறுவனத்தின் இளம் பொறியாளர் தோமிதா பெரிய திரையில் அதை மெல்ல நகர்த்தினார். வாள்நுனிக்கும் மார்புத் தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. அப்படியும் தகடு பிளந்தது. சிரிப்பு அடங்கியது. திருத்தப் பட்டியலில் இப்படி ஒன்றும் இல்லையே என்று முணுமுணுத்த தோமிதா, தன் வேலையில்தான் பிழை என்று மன்னிப்புக் கேட்க ஒலிவாங்கியை எடுத்தார்.

குவாபாரா மேடையேறி அதை வாங்கிக்கொண்டார்.

"இவர் பிழை இல்ல. வாளை நீட்டினது நான். எழுதாம மறைச்சதும் நான்தான்."

இடுப்பு வரை குனிந்தார். மினோரியின் காலணிகள் அருகில் வந்து நின்றன.

"எழுதியிருந்தா அரை மீட்டர் தள்ளி நின்னிருப்பேன்பா," என்றாள் மெதுவாக.

காலணிகள் விலகிப் போன பிறகும் அவரால் நிமிர முடியவில்லை.