உச்சத்திலிருந்து அளப்பது

கீழ் அறையில் இருந்தவர்கள்: மகள் யசுயோ, அவள் தம்பி ஷுன்ஜி, டிரை ஐஸ் மாற்ற வந்த இறுதிச் சடங்கு நிறுவனத்து ஆள், வடக்கே தலைவைத்துக் கிடந்த அம்மா நுயி. மாடியில் இருந்தவர்: அப்பா கிசாபுரோ. அவரோடு ஒரு வானொலி.

ஆள் புதுக் கட்டிகளை வைத்துப் போர்வையை இழுத்துவிட்டான். கட்டிகள் இருந்த இடம் தவிரப் போர்வை எங்கும் மேடிடவில்லை.

"நாளைக்குக் காலையில வண்டி வரும். இன்னிக்கு தொமொபிகி. தகனக் கூடம் மூடியிருக்கு."

அந்த நாளில் எரித்தால் செத்தவர் துணைக்கு ஒருவரை இழுத்துக்கொண்டு போவார் என்பார்கள். பங்குச் சந்தைக்கு அந்தப் பயம் கிடையாது. மேலே வானொலி ஏற்ற இறக்கமில்லாத குரலில் விலைகளை வாசித்துக்கொண்டிருந்தது.

"நாளைக்காவது அப்பா இறங்கி வருவாராக்கா?"

"வருவார். அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு பதில் வேணும்" என்று யசுயோ படியேறினாள். ஷுன்ஜி பின்னாலேயே வந்தான்.

கிசாபுரோ பங்கு விலை வரையும் தாளின் மேல் கவிந்திருந்தார். ஒற்றைக் கோடு. விலை ஏறினால் மேலே நீளும். உச்சத்திலிருந்து குறித்த அளவு விழுந்தால் மட்டும் கீழே திரும்பும். அந்தத் தாளில் எங்கும் தேதி கிடையாது. விலை அசையாத நாள் அவரைப் பொறுத்தவரை விடியவே இல்லை. பங்குத் தரகு அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஷுன்ஜி வேறு மாதிரி. நாளுக்கொரு மெழுகுவர்த்தி போன்ற கட்டம் வரைவான். ஏறினால் வெள்ளை, விழுந்தால் கறுப்பு.

"என் தாள்ல தினமும் கறுப்புதான்பா. சின்னச் சின்னதா. எனக்கென்னவோ நல்லதாப் படல."

"உன் தாள்ல ஒண்ணுமே நடக்காத நாளும் இடத்தை அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். ஆபீஸ்ல நீ உக்காந்திருக்கிற மாதிரி."

ஷுன்ஜி சிரித்துவிட்டான். கீழே கிடப்பது யார் என்பது நினைவுக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டான்.

யசுயோ நகோயாவிலிருந்து வாராவாரம் தொலைபேசியில் அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்பாள். "நேத்து மாதிரிதான் இருக்கா" என்பார் அப்பா. அந்த பதிலை நம்பி அவளும் இருந்துவிட்டாள். போன வாரம் நேரில் வந்தபோது அம்மாவால் சாப்பாட்டுக் குச்சிகளைக்கூடப் பிடிக்க முடியவில்லை.

"அம்மா இளைச்சது உங்களுக்குத் தெரியவே இல்லையாப்பா?"

"தினமும் பாத்துக்கிட்டுதானே இருந்தேன். நேத்துக்கும் இன்னிக்கும் வித்தியாசமே இல்ல."

"இந்தக் கோட்டை நேத்து விலையோடயா அளக்கிறீங்க?"

பென்சில் நின்றது.

"எதுலேர்ந்து அளப்பீங்க? சொல்லுங்க."

"உச்சத்துலேர்ந்து."

"கொஞ்சம் கொஞ்சமா விழுந்தாலும் எல்லாம் சேந்து ஒருநாள் உங்க கோடு திரும்பிடும். அம்மாவை மட்டும் ஏன்பா நேத்தோட அளந்தீங்க?"

ஷுன்ஜி சன்னல் பக்கம் பார்த்தான். கிசாபுரோ வானொலியின் ஒலியைக் கூட்டினார்.

"மதியச் சந்தை முடியட்டும்."

"எனக்கு பதில் வேணும்."

அவர் அளவுகோலை எடுத்துக் கோட்டின் மேல் வைத்தார். திரும்ப வேண்டிய இடத்திற்கு மயிரிழைதான் பாக்கி. அவர் அளவுகோலை எடுக்காமல் அங்கேயே அழுத்திப் பிடித்திருந்ததை யசுயோ பார்த்தாள். சந்தைக்காகவா அம்மாவுக்காகவா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. கீழே போய் ஊதுபத்தியை மாற்றினாள்.

மறுநாள் காலை, யாரும் கூப்பிடாமலே, கறுப்பு உடையில் சவரம் செய்யாத முகத்தோடு அவர் இறங்கி வந்தார். வண்டியில் அம்மாவின் படத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

தகனக் கூடத்தில் துறவி ஓதி முடித்தார். வெள்ளைக் கையுறை போட்ட பணியாளர் பெட்டியை உலையின் வாய்க்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"எவ்வளவு நேரமாகும்?" என்றார் கிசாபுரோ.

யசுயோ திரும்பிப் பார்த்தாள். நேரத்தைப் பற்றி ஒரு கேள்வி அவர் வாயிலிருந்து வந்து அவள் கேட்டதில்லை.

"ஆளைப் பொறுத்ததுங்க. நல்ல உடம்புக்காரங்கன்னா கூடக் கொஞ்சம் ஆகும்." பணியாளர் பெட்டியின் மேல் கை வைத்தபடி குரலைத் தணித்தார். "இவங்களுக்குச் சீக்கிரமே ஆயிடும்."

கிசாபுரோ தலையாட்டினார். ஆட்டிய தலை நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது.

பெட்டி உள்ளே போனது. இரும்புக் கதவு மூடியது. பணியாளர் அதைப் பூட்டி, சாவியை வழக்கப்படி இரு கைகளாலும் கணவரிடம் நீட்டினார். வாங்கக் கிசாபுரோவின் கை வரவில்லை; பணியாளர் நீட்டியபடியே நின்றார்.