வலப்பக்க ஸ்டாண்டு

தம்பிக்கு ஐம்பத்தைந்து வயது. மின்விசிறி மோட்டாருக்குக் காயில் கட்டியே தலை நரைத்தவர். ஆனாலும் அக்காவுக்கு அவர் தம்பிதான். அதிலும் சொன்ன பேச்சு கேட்காத தம்பி.

அக்கா முப்பது வருடம் நர்ஸாக இருந்தவர். அப்பாவின் சைக்கிளில்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார். இடது முட்டியில் ஆபரேஷன் நடந்த பிறகு எட்டு மாதமாக வாசற்படி இறங்கவில்லை. முட்டி ஆறிவிட்டது, பயம்தான் ஆறவில்லை என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். ஊருக்கே ஊசி போட்டவர் ஜன்னலே கதியென்று கிடப்பதைத் தம்பியால் பார்க்க முடியவில்லை. சைக்கிளுக்கு மோட்டார் வைத்தால் அக்கா வெளியே வருவார் என்று நம்பி, கூடத்திலேயே தார்ப்பாயை விரித்தார்.

"இது வீடா, ஒர்க்‌ஷாப்பா?" என்றார் மனைவி.

"ரெண்டும்தான்."

மூன்று வாரம் துருவைத் தேய்த்து, பச்சைப் பெயின்ட் அடித்து, முன்சக்கரத்தில் மோட்டாரும் கேரியருக்கு அடியில் பேட்டரியும் பொருத்தினார். வலப்பக்கம் அப்பா திருகிவைத்திருந்த ஸ்டாண்டு மட்டும் கண்ணை உறுத்தியது. அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஊர் வழக்கப்படி இடப்பக்கம் புதிதாக ஒன்றை மாட்டினார்.

அப்பாவுக்கு இடது முட்டி சரியாக மடங்காது. நடுக்கம்பி இல்லாத லேடீஸ் சைக்கிள் வாங்கி, வலப்பக்கம் நின்று, வலது காலை ஊன்றி, இடது காலை முதலில் உள்ளே விட்டு ஏறுவார். அவரைப் பார்த்துப் பழகிய பிள்ளைகளும், கால் நன்றாக இருந்தும், அப்படியே ஏறினார்கள். செயின் இருக்கும் பக்கம் அது. ஊரில் எல்லோருக்கும் வலது காலில் கிரீஸ் என்றால், இந்த வீட்டுக்கு மட்டும் இடது காலில். பள்ளிக்கூடத்தில் பையன்கள் சிரித்தார்கள். ஒருநாள் அப்பா அந்த சைக்கிளோடு பள்ளிக்கூட கேட்டில் வந்து நின்றபோது, "அது யாரோ" என்று சொல்லிவிட்டு நடந்தே வீடு திரும்பியவர் தம்பி. மறுநாளே இடப்பக்கம் ஏறப் பழகிக்கொண்டார். அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது தேவலை.

புது ஸ்டாண்டு மாட்டிய அன்று சாயங்காலம் அக்கா சுவரைப் பிடித்தபடி வாசலில் இறங்கினார். பழக்கதோஷம், நேராக வலப்பக்கம் போய் ஸ்டாண்டைக் காலால் தேடினார். அது அங்கே இல்லை. தடுமாறியதில் வண்டி மறுபக்கமாக விழுந்தது.

"ஸ்டாண்டு எங்கடா?"

"மாத்திட்டேன்க்கா. எல்லா வண்டியிலயும் இந்தப் பக்கம்தானே இருக்கு?"

"இது எல்லா வண்டி மாதிரியும் இல்ல. அப்பா வண்டி." அக்கா உள்ளே போய் ஜன்னலருகே உட்கார்ந்துவிட்டார்.

தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்ட வருத்தத்தில் தம்பி வண்டியை நிமிர்த்தினார். என்னதான் வசதி என்று பார்க்க, நாற்பது வருடத்துக்குப் பிறகு வலப்பக்கம் நின்றார். வலது காலை ஊன்றி, இடது காலைத் தூக்கி உள்ளே விட்டார். பாரம் முழுக்க வலது காலில். இடது முட்டிக்கு வேலையே இல்லை. அக்காவுக்கும் இடது முட்டிதானே! இது இத்தனை நாள் மண்டையில் ஏறவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

பெயின்ட் மூடிய பழைய ஓட்டைகளைக் குத்தித் திறந்து, அப்பாவின் ஸ்டாண்டைத் திரும்ப மாட்டினார். மறுநாள் காலை அக்காவைக் கெஞ்சிக் கூட்டிவந்தார்.

"வலது கால ஊனிக்கோ. அப்பா மாதிரி."

"எனக்கே சொல்லித் தர்றியா?"

அக்கா ஏறினார். கைப்பிடியைத் திருகினார். வண்டி தெருமுனையில் மறைந்தது. திரும்பி வரும்வரை தம்பி வாசலுக்கும் தெருவுக்குமாக நடந்தார். வந்து இறங்கிய அக்காவின் முகத்தில் பழைய நர்ஸின் மிடுக்கு. சுடிதார் பேன்ட்டின் இடது காலில் கிரீஸ். தம்பியின் இடது காலிலும் நேற்றைய கறை இருந்ததை அக்கா பார்த்துவிட்டார்.

"நீயும் இந்தப் பக்கம் ஏறினியா?"

தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. "அன்னிக்கு ஸ்கூல் கேட்டுல, அப்பாவ யாரோன்னு சொல்லிட்டேன்க்கா."

"தெரியும்டா. நான் அப்பாவுக்குப் பின்னால கேரியர்லதானே உக்காந்திருந்தேன்."

"அப்பாவுக்கும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. ஆனா உன்னத் தனியா விடல. வீடு வர்ற வரைக்கும் உன் பின்னாலேயே மெதுவா ஓட்டிட்டு வந்தார். நீதான் திரும்பியே பாக்கல."