ஏழாம் கோட்டில் நாலு குவியல்

பதினோரு வருடமாக ஓசூரில் ஒரு கியர் கம்பெனியில் தரப் பரிசோதனை பார்க்கிறேன். முடியளவு தப்பினாலும் சிவப்பு மை பூசித் திருப்பி அனுப்பிவிடுவேன். பெயர் ஜோதிமணி. கம்பெனியில் எனக்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், அதை இங்கே எழுத முடியாது. இப்படிப்பட்டவள் ஞாயிற்றுக்கிழமை யானை லத்தி எண்ண ஏன் போனாள் என்று கேட்காதீர்கள். லீவு நாளில் அளக்க எதுவும் இல்லாவிட்டால் எனக்குத் தலைவலி வரும்.

யானைக் கணக்கெடுப்பில் யானையைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஜவளகிரிக் காட்டுக்குள் இரண்டு கிலோமீட்டருக்கு நேர்கோடு குறித்து, மரங்களில் வெள்ளைப் பெயிண்ட் அடித்திருப்பார்கள். அந்தக் கோட்டிலேயே நடந்து, கண்ணில் படும் ஒவ்வொரு லத்திக் குவியலும் கோட்டிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளிக் கிடக்கிறது என்று டேப் பிடித்து எழுத வேண்டும். எனக்குக் கிடைத்தது ஏழாம் கோடு. கூட வந்தவர் வனக்காப்பாளர் முனிவேல். மணிக்கு ஒரு வார்த்தை பேசுவார்.

முதல் குவியல், தூரம் பூஜ்யம். கோட்டின் மேலேயே கிடந்தது. இரண்டாவதும் பூஜ்யம். மூன்றாவது, நாலாவது, அதே பூஜ்யம். குவியலுக்குக் குவியல் சரியாகப் பதினைந்து மீட்டர் வேறு.

"அண்ணா, நாலு ரீடிங்கும் ஒண்ணா வந்தா ஒண்ணு கருவி கோளாறு, இல்லன்னா ஆள் கோளாறு."

"யானை கோட்டு மேலயே நடந்திருக்கும் மேடம்."

"பெயிண்ட பாத்துகினு நடந்துச்சா?"

குச்சியால் கிளறினேன். லத்தி காய்ந்திருந்தது, ஆனால் அடியில் புல் பச்சையாக இருந்தது. சுற்றிலும் யானைத் தடம் ஒன்றுகூட இல்லை, செருப்புத் தடம்தான் இருந்தது. அது நேராகக் காட்டோரத்து ராகிக் கொல்லைக்குப் போனது. அங்கே வேலியோரம் ஒரு மூங்கில் கூடை, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. பக்கத்தில் கொல்லைக்குச் சொந்தக்கார அம்மா, வெங்கடம்மா.

"நீங்கதான் கொண்டாந்து வச்சீங்களா?" என்று கத்தினேன். எனக்குக் கோபம் மெதுவாக வராது.

"ஆமாங்க. லத்தி நெறைய இருக்கிற பக்கந்தான் மொதல்ல யானை உள்ள வராம தடுக்கிற பள்ளம் வெட்டுவாங்கன்னு சொல்லிகினாங்க. யானை காட்டுல எங்க லத்தி போடுது? எங்க கொல்லையிலதான் போடுது. நீங்க கொல்லைக்கு வந்து எண்ண மாட்டீங்க. அதான் நான் தூக்கிகினு வந்தேன்."

"அதுக்குன்னு கோட்டு மேலயேவா வைப்பீங்க? ரெண்டு மீட்டர் தள்ளி வச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சேயிருக்காதே!"

சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. முனிவேல் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கோடு போட்டு வச்சிருக்கீங்களே, தள்ளி வச்சா தப்பாயிடுமோன்னு பாத்துப் பாத்து வச்சேன்" என்றார் வெங்கடம்மா.

கொல்லையைக் காட்டினார். பாதி ராகி தரையோடு படுத்துக் கிடந்தது. போன வருடம் முழுசாகவே போயிற்றாம். இந்த மிச்சமும் போனால் வீட்டில் களி கிண்ட ராகி இல்லை என்றார். யானை பொய்யில்லை, லத்தியும் பொய்யில்லை. அது கிடந்த இடம்தான் பொய். இது ஒன்றை விட்டால் நாளைக்கு எவன் எழுதிய அளவையும் நான் நம்ப முடியாது.

படிவத்தில் எண்ணிக்கை பூஜ்யம் என்று எழுதினேன். குறிப்பு என்ற இடத்தில், 'நாலு குவியல், கூடையில்' என்று ஆரம்பித்தேன்.

"கூடைன்னு எழுதாதீங்க மேடம். அந்தம்மா மேல கேஸ் ஆயிடும்." முனிவேல் அன்றைக்குப் பேசியதிலேயே நீளமான பேச்சு இதுதான்.

எழுதியதை அடித்தேன். பதினோரு வருடத்தில் என் கையெழுத்துக்கு மேலே அடித்தல் திருத்தல் இதுவே முதல்முறை. 'கோட்டுக்கு வெளியே ராகிக் கொல்லையில் நாலு. பாதிப் பயிர் இல்லை. நேரில் வந்து பார்க்கவும்' என்று மாற்றி எழுதினேன். அந்தக் குறிப்பை யார் படிப்பார்கள் என்று முனிவேலிடம் கேட்டேன். தெரியாது என்று தலையாட்டினார்.

"எத்தினி போட்டீங்க?" என்றார் வெங்கடம்மா.

"சைபர்மா."

ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். திட்டவில்லை. கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"சரிங்க மேடம். யானை இன்னிக்கி பொழுது சாய வரும். வந்துச்சின்னா சொல்லிடறேன், நீ சைபரு, திரும்பிப் போயிடுன்னு."