எந்த நூலுக்கு உயிர்?

காலையிலேயே பதுங்குகுழி வாசலில் வந்து நின்ற சொலோமியா, கையிலிருந்த கண்ணாடி நூல் சிக்கலை யாரெமாவின் காலடியில் விட்டெறிந்தாள். காயம்பட்டவர்களை ஏற்றிப்போகும் அவளுடைய வேனின் அச்சில் சுற்றிக்கொண்டது அது. தோனெத்ஸ்க் பக்கத்துத் திறந்த சாலையில், தலைக்கு மேலே ரஷ்ய ட்ரோன் எப்போது வருமோ என்று மல்லாந்து படுத்து, அரைமணி நேரம் அறுத்திருக்கிறாள். கோபம் வராமல் என்ன செய்யும்?

“ஏண்டா, ரோட்டுக்குக் குறுக்கே எத்தனை நூலுடா போட்டு வச்சிருக்கீங்க? ஒவ்வொரு ட்ரோனும் வெடிச்சதும் மிச்ச நூலை அறுத்துச் சுருட்டணும்னு தெரியாதா?”

யாரெமா ட்ரோன் ஓட்டுபவன். ரேடியோவில் போகிற ட்ரோனை எதிரி சிக்னலைக் கெடுத்து விழ வைக்கிறான். பின்னால் கண்ணாடி நூலை அவிழ்த்துக்கொண்டே, அதன் வழியாகக் கட்டளை வாங்கிப் போகிற ட்ரோனை அப்படி எதுவும் செய்ய முடியாது. அதைக் கையில் கொடுத்த நாளிலிருந்து பயலுக்குத் தலைகால் புரியவில்லை.

“அக்கா, நான் எதிரி பீரங்கியை அடிக்கிறவன், ரோடு கூட்டுறவன் இல்ல. வெளக்குமாறு வேணா தரட்டா?”

பக்கத்தில் ட்ரோனுக்கு வெடி பொருத்திக்கொண்டிருந்த அவன் கூட்டாளி லெவ்கோ விழுந்து விழுந்து சிரித்தான்.

“வாய்க்கொழுப்புடா உனக்கு. தோப்புப் பக்கமா விட்டுத் தொலையேன்!”

“கிளையில மாட்டி நேத்தே ரெண்டு போச்சு. சட்டுனு திருப்பினா அறுந்துடுது. நூல் கனத்துக்கு வெடியைக் குறைக்க வேண்டியிருக்கு. எனக்கு இருக்கிற எரிச்சல் போதும், கெளம்புங்க!”

சொன்னால் கேட்கிற ஜென்மமா அது? அவள் காறித் துப்பிவிட்டுப் போனாள்.

மதியம் முன்வரிசைக் குழியிலிருந்து காயம்பட்ட சிப்பாய் ஒனுஃப்ரியைத் தூக்கி வேனில் போட்டார்கள். தொடையில் ரத்தம் நிற்க இறுக்கிக் கட்டியிருந்தது. கட்டி இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. உதடு வெளுத்துவிட்டது. இனிச் சுணங்கினால் ஆள் தேறமாட்டான்.

காலையில் நூல் சிக்கிய அதே இடத்தில் பிரேக் போட வேண்டியதாயிற்று. சாலைக்குக் குறுக்கே, இரண்டு பக்கப் புதர்களிலும் மாட்டிக்கொண்டு, நெஞ்சு உயரத்தில் முப்பது நாற்பது நூல் வெயிலில் பளபளத்தது. ரேடியோவில் யாரெமா கத்தினான்.

“நூல் ஓடிக்கிட்டிருக்கு, ரோட்டுல யாரும் கை வைக்காதீங்க! ரஷ்யன் பீரங்கியை நெருங்கிட்டேன். தேடிப் பிடிக்க ஆறே நிமிஷம்!”

“எந்த நூலுடா உயிரோட இருக்கு? அதை மட்டும் தூக்கி விட்டுட்டுப் போயிடறேன்!”

“மேல இருக்கிறது... இல்ல... எனக்கெப்படித் தெரியும்?”

எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. செத்த நூலை அன்றன்றே சுருட்டியிருந்தால் அங்கே ஒரே ஒரு நூல்தான் இருந்திருக்கும். வேனுக்குள்ளே ஒனுஃப்ரியின் முனகலும் நின்றுபோயிருந்தது. தூரத்தில் எதிரி ட்ரோன் இரையும் சத்தம் கேட்டது. முன்னே போனால் கடிக்கிறது, பின்னே போனால் உதைக்கிறது. பாழாய்ப்போனவனே என்று திட்டிக்கொண்டே அவள் கட்டுத்துணி வெட்டும் கத்தரியை எடுத்து, கொத்துக் கொத்தாக எல்லாவற்றையும் வெட்டினாள்.

ரேடியோவில் யாரெமா அலறினான்.

“அடிப் பாவி! பீரங்கிக் குழல் தெரிஞ்சுதுடீ! இருநூறு மீட்டர்தான்!”

அவள் ரேடியோவை அணைத்துவிட்டு வண்டியை விரட்டினாள்.

“கால் போனாலும் போகும், ஆள் பிழைத்துக்கொள்வான்” என்றார் முகாம் மருத்துவர். சொலோமியா சுவரோரம் உட்கார்ந்து ஒரு சிகரெட் பற்றவைத்தாள். பாதி முடிவதற்குள் போனில் அழைப்பு வந்தது. அந்தப் பீரங்கி சுட்டுவிட்டது. யாரெமாவின் பதுங்குகுழி இடிந்துவிட்டது. லெவ்கோ போய்விட்டான்.

அவள் போய்ச் சேர்ந்தபோது இரண்டு பேர் யாரெமாவை மண்ணிலிருந்து இழுத்து வெளியே போட்டிருந்தார்கள். வயிற்றில் பெரிய காயம். அவளைப் பார்த்ததும் பல்லைக் கடித்தான்.

“என்னைத் தொடாத. உன் வண்டியில ஏறமாட்டேன். லெவ்கோவைக் கொன்னது நீதான்டீ!”

“ஏத்துங்க” என்றாள் மற்றவர்களிடம். நூலை வெட்டியது அவள் கைதானே. நூலைச் சுருட்டாத குற்றத்தை இப்போது எடுத்துச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

குண்டும் குழியுமான சாலையில் வேன் தூக்கித் தூக்கிப் போட்டது. அவனுடைய காயத்துக்காக அவள் வேகத்தைக் குறைத்து ஓட்டினாள்.

“மதியம் கொண்டுபோனியே, அவன் பொழச்சானா?” என்று பின்னாலிருந்து யாரெமா கேட்டான்.

“பொழச்சிட்டான்.”

“அப்புறம் என்னத்த உருட்டிக்கிட்டிருக்க, சனியனே? வேகமா ஓட்டு!”