எங்கே என்று சொல்லாத வாக்கியம்

ஐம்பத்தாறாம் வருஷம், கார்த்திகை மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை. மகாபலிபுரத்துக்கு வடக்கே சவுக்குத் தோப்பை ஒட்டியிருந்த குடிசைகளுக்கு நடுவே ஒரு ஜீப்பு வந்து நின்றது. இறங்கிய அதிகாரி வடக்கத்திக்காரர், சின்ன வயசு, தமிழ் ஒரு சொல் தெரியாது. அவர் பேசுவதைத் தமிழில் சொல்வதற்காகக் குமாஸ்தா பட்டாபிராமன் கூட வந்திருந்தார். அந்த இடத்தில் வெளியூர்ப் பயணிகள் தங்க ஒரு பங்களா கட்டப்போகிறார்கள் என்ற பேச்சு ஐப்பசியிலேயே அடிபட்டது. அதனால் யாரும் கூப்பிடாமலே ஜனம் கூடிவிட்டது.

எல்லம்மாள் அப்போதுதான் செங்கல்பட்டு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து, கூட்டத்தின் ஓரத்தில் பையோடு நின்றாள். செங்கல்பட்டில் ஒரு பெண்கள் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். இந்தச் சேரியில் பிறந்து படித்து உத்தியோகத்துக்குப் போனவள் அவள் ஒருத்திதான்.

அதிகாரி குரலை உயர்த்தாமல் பேசினார். “வீ ஹாவ் டிசைடட். யூ மே மூவ் ஃப்ரம் ஹியர் பிஃபோர் பொங்கல்.”

பட்டாபிராமன் தொண்டையைச் செருமிக்கொண்டார். “முடிவாயிடுச்சு. பொங்கலுக்குள்ள நீங்க எல்லாரும் இங்கேர்ந்து கிளம்பியே தீரணும்.”

கூட்டத்தில் யாரோ ஒரு கிழவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள்.

எல்லம்மாளுக்குக் காது சூடாயிற்று. போன வாரம் முழுக்க வகுப்பில் நடத்தியது ‘மே’, ‘மஸ்ட்’ வித்தியாசம்தான். பையைக் கீழே போட்டுவிட்டு முன்னால் வந்தாள்.

“ஐயா, அவரு ‘மஸ்ட்’னு சொல்லல. ‘மே’ன்னுதான் சொன்னாரு. போவலாம்னு அர்த்தம். போயே தீரணும்னு யாரு சொன்னா?”

அவளுடைய அண்ணன் சடையப்பன் கையைப் பிடித்து இழுத்தான். “இன்னா புள்ள நீ, சும்மா குந்து. பெரிய எடத்து வெவகாரம்.”

அவள் கையை உதறினாள். அதிகாரியிடமே இங்கிலீஷில் கேட்டாள். அவர் முதலில் ஆச்சரியப்பட்டார். பிறகு சிரித்தார். “அது மரியாதைக்காகச் சொல்வது அம்மா. என் டிரைவரிடம் ‘நீ வண்டியை எடுத்து வரலாம்’ என்கிறேன். அவன் மாட்டேன் என்பானா?” என்று இங்கிலீஷில் சொன்னார்.

“கேட்டியாம்மா?” என்றார் பட்டாபிராமன். “நான் சொன்னது சரியாப் போச்சா?”

சரியாகத்தான் போயிற்று. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. ‘மே’ என்றால் அனுமதி என்று கரும்பலகையில் எழுதிப்போட்டவள் அவள். இங்கே யாருமே கேட்காத அனுமதியைத் தூக்கி மடியில் போடுகிறார்கள். வாங்கிக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போகவேண்டும். ஆத்திரத்தில் வார்த்தை முட்டிக்கொண்டு வந்தது.

“யூ கான்ட் டு ஸெண்ட் அஸ்…” என்று கத்தினாள்.

பட்டாபிராமன் வாய்விட்டுச் சிரித்தார். “கான்ட்டுக்குப் பின்னால ‘டு’வா? செங்கல்பட்டுல இதுதான் சொல்லித் தர்றீங்களா டீச்சர்?”

அவள் முகம் கறுத்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். அப்புறம் பேசியபோது தமிழில் பேசினாள்.

“இனிமே நான் தமிழ்லதான் பேசுவேன். நீங்க அவருக்கு இங்கிலீஷ்ல சொல்லுங்க. ஒரு வார்த்தை மாறினாலும் விடமாட்டேன், கேட்டுகினேதான் இருப்பேன்.”

பட்டாபிராமனின் சிரிப்பு நின்றது.

“‘வீ’ முடிவு பண்ணிட்டோம்னாரே, அந்த ‘வீ’ யாரு? நமக்கு ‘நாம’ வேற, ‘நாங்க’ வேற. அவரு சொன்னதுல நாங்க உள்ள இருக்கோமா, வெளிய இருக்கோமா? கேளுங்க.”

அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். நாம், நாங்கள் என்பதை இங்கிலீஷில் பிரித்துச் சொல்லவே அவருக்கு நாலைந்து வாக்கியம் ஆயிற்று. அதிகாரி நெற்றியைச் சுருக்கினார். “அலுவலகத்தில் எடுத்த முடிவு,” என்றார்.

“அப்ப நாங்க இல்ல. சரி. ‘ஃப்ரம் ஹியர்’னாரு. இங்கேர்ந்து. எந்த எடத்துக்கு? ‘டு’ன்னு ஒரு சொல்லு அவரு வாயில வரவே இல்லியே. கெளம்பற எடத்தைச் சொல்லிட்டு, போய்ச் சேர்ற எடத்தைச் சொல்லாம வுட்டா நாங்க கடல்லயா போய் விழறது?”

இப்போது கூட்டத்தில் சத்தம் எழுந்தது. “ஆமா, எங்க போறதாம்? கேளு சாமி!” என்று பின்னாலிருந்து குரல்கள். பட்டாபிராமன் சொல்லி முடித்ததும் அதிகாரி அவரையே திரும்பிப் பார்த்தார். தோப்புக்குப் பின்னால் இடம் பார்த்திருப்பதாகக் குமாஸ்தாதான் எழுதிக் கொடுத்திருந்தாராம்.

“அப்ப வாங்க, போய்ப் பாக்கலாம்,” என்று எல்லம்மாள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். ஜனம் அவள் பின்னால் போயிற்று. அதிகாரியும் போகவேண்டியதாயிற்று.

தோப்பைத் தாண்டியதும் கழிமுகத்தை ஒட்டின பள்ளம். சேறும் நண்டு வளையுமாக, நடுவில் இன்னும் தண்ணீர் தேங்கி நின்றது. அதிகாரியின் பூட்ஸ் கணுக்கால்வரை இறங்கியது. எல்லம்மாளின் அம்மா காசியம்மாள் கரையிலேயே நின்றுவிட்டாள்.

“ஐப்பசியில இங்க படவு வுடலாம் தொரை. ஊடு கட்ட முடியாது.”

அதைப் பட்டாபிராமன் இங்கிலீஷில் சொல்லவில்லை. எல்லம்மாள் அவர் முகத்தையே பார்த்தாள். அப்புறம் சொன்னார்.

அதிகாரி சேற்றிலிருந்து காலைப் பிடுங்கிக்கொண்டார். குமாஸ்தாவிடம் பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ கேட்டார். திரும்பி, “வீ ஷல் ஸீ டு இட்,” நாங்கள் கவனித்துக்கொள்கிறோம் என்று ஆரம்பித்தார்.

“‘வீ’ வேணாம்!” எல்லம்மாள் கத்திய கத்தலில் சடையப்பனே ஒரு அடி பின்வாங்கினான். “மறுபடி கும்பலுக்குள்ள போய் ஒளிஞ்சிக்க வேணாம்னு சொல்லுங்க. யாரு பொறுப்பு? ‘ஐ’ன்னு சொல்லச் சொல்லுங்க.”

பட்டாபிராமன் மொழிபெயர்க்க வாயெடுப்பதற்குள் அதிகாரிக்கே புரிந்துவிட்டது. முகம் சிவந்து நின்றார். கோபமா, வெட்கமா என்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு அந்தச் சொல்லைச் சொன்னார். மேட்டு நிலம் ஒன்று பார்த்துக் கொடுக்கும்வரை யாரையும் கிளப்பமாட்டேன் நான் என்று.

சொன்னபடி செய்தார். பொங்கல் போயிற்று, மாசி போயிற்று. ஆனி மாதம் திருக்கழுக்குன்றம் சாலையோரம் ஒரு மேட்டில் இடம் அளந்து கொடுத்தார்கள். கிணறு வெட்டக் கூடுதலாக ஒரு வருஷம் ஆபீசுக்கு நடக்கவேண்டியிருந்தது, அது வேறு கதை. கடலை விட்டு அவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று சில பேர் எல்லம்மாளைத்தான் திட்டினார்கள்.

அந்த ஆனியிலேயே, குடிசைகளைப் பிரிக்கும் நாளில் கடப்பாரையோடு ஆட்களை அனுப்பியிருந்தார்கள். முதல் ஆள் காசியம்மாள் வீட்டுக் கூரையில் கை வைத்ததும் எல்லம்மாள் குறுக்கே வந்து நின்றாள்.

“கைய எடு. எங்க ஊட்ட நாங்களே பிரிப்போம்.”

பெண்கள் ஏறிக் கீற்றைப் பிரித்துப் போட்டார்கள். உத்தரத்தின் ஒரு முனையைச் சடையப்பன் தூக்க, மறுமுனையை எல்லம்மாள் தோளில் வாங்கிக்கொண்டாள்.